தகப்பன் வெளிநாட்டில, பிள்ளை யாழ்ப்பாணத்தில: சம்மதக் கடிதத்தை எந்த வழியால எடுக்கிறது?

லீவு கிட்ட வந்தாக் காணும், இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கனடாவுக்குக் கலியாணவீட்டுக்குப் போகோணும், மனிசன் பிரான்ஸில, அவரிட்ட இருந்து என்ன பேப்பர் எடுக்கோணும்?" பக்கத்து வீட்டுக்காரர் ஜேபியிட்ட (சமாதான நீதவானிட்ட) ஒரு சத்தியக்கடதாசி முடிச்சாக் காணும் எண்டுவார், ஏஜென்சிக்காரர் எம்பசிக் கடிதம்தான் வேணும் எண்டுவார், இன்னொராள் வந்து கோர்ட் ஓடர் இல்லாமப் பிள்ளையை ஏத்தவே மாட்டாங்கள் எண்டு பயப்பிடுத்திப்போட்டுப் போவார். மூண்டு பேர் சொல்லுறதும் ஏதோ ஒரு குடும்பத்துக்குச் சரிதான். உங்கட குடும்பத்துக்கு எது சரி எண்டதுதான் ஒருத்தரும் சொல்லாதது. அதால ஒவ்வொரு வழியாப் போட்டுப் பாப்பம்.

நான் இதில தாய் யாழ்ப்பாணத்தில, தகப்பன் வெளியில எண்டு எழுதுறன், எங்கட பக்கம் அதுதான் கூட. மாறி இருந்தாலும் விசயம் ஒண்டுதான்.

முதல்ல எதை வச்சு முடிவெடுக்கிறது

முதலாவது, அந்தப் பேப்பரை ஆர் கேக்கப்போகினம்? இதைத்தான் கனபேர் யோசிக்கிறேல்லை. கேக்கிற இடம் மூண்டு. பாஸ்போட் கவுண்டர், விசா குடுக்கிற எம்பசி, பேந்து எயார்போட்டிலயோ இறங்கிற நாட்டிலயோ இருக்கிற அதிகாரி. மூண்டு பேருக்கும் ஒரே பேப்பர் காணும் எண்டு நினைச்சாத்தான் பிரச்சினை தொடங்கும். எப்பவும் இருக்கிறதில கூடக் கடுமையான இடம் எது எண்டு பாத்து அதுக்கு ஏத்தமாதிரி எடுங்கோ, மற்ற இடங்களிலயும் அது பெரும்பாலும் கைகுடுக்கும்.

ரெண்டாவது வயசு. இலங்கைப் பாஸ்போட்டுக்கு 16 வயசுக்குக் கீழ எண்டா விண்ணப்பத்திலயே தாய் தகப்பன்ர சம்மதம் கேக்கினம். ஆனா விசா எண்டு வரேக்க பெரும்பாலான நாடுகள் 18 வரைக்கும் பிள்ளையாத்தான் பாக்கினம். 17 வயசுப் பொடியன் பாஸ்போட்டைத் தானே எடுத்துப்போட்டான், இனிக் கடிதம் ஒண்டும் தேவையில்லை எண்டு நினைச்சு விசாவில மாட்டுப்படுறது இதாலதான்.

மூண்டாவது, போட்டு வாறதா, ஒரேயடியாப் போறதா? லீவுக்குப் போறதுக்கும் குடியேறப் போறதுக்கும் கேக்கிற சம்மதத்தின்ர பாரம் வேற வேற. கனடாவுக்குப் பிள்ளை குடியேறப் போகுது, ஒரு பெற்றார் கூடப் போகேல்லை எண்டா அந்தப் பெற்றார் கையெழுத்து வைக்கிறதுக்கெண்டே ஐஎம்எம் 5604 எண்டு தனி ஃபோம் இருக்கு. அவுஸ்திரேலியா 18 வயசுக்குக் கீழ விசாவுக்கு 1229 எண்ட ஃபோமை வச்சிருக்கு. இப்பிடி அவையின்ர சொந்த ஃபோம் இருக்கிற நாட்டுக்கு நீங்கள் வடிவான தமிழில எழுதின கடிதம் குடுத்து வேலையில்லை, அந்த ஃபோமை நிரப்பித்தான் குடுக்கோணும்.

கடைசியா, மற்றப் பெற்றார் எங்க, என்ன நிலையில இருக்கிறார், உங்களோட கதைக்கிறாரோ இல்லையோ எண்டது. உண்மையில வழியைத் தீர்மானிக்கிறது இதுதான்.

வழி 1: ரெண்டு பேரும் நேர நிண்டு கையெழுத்து வைக்கிறது

மனிசன் வந்து போகக்கூடிய ஆள் எண்டா இதை விடச் சுத்தமான வழி இல்லை. பாஸ்போட் விண்ணப்பத்தில ரெண்டு பேரும் கையெழுத்து, ரெண்டு பேரின்ர ஐசியும் (அடையாள அட்டையும்) பாஸ்போட்டும் கையில, பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ். ஒருத்தரும் ஒரு சந்தேகமும் கேக்க இடமில்லை. 2025 செப்டம்பரில யாழ்ப்பாணக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின்ர பிராந்திய அலுவலகம் திறந்த பிறகு, முந்தி மாதிரி வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏறுற வேலையும் குறைஞ்சிட்டுது.

மறைவான செலவு எண்டா அது நேரம்தான். அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு ரெண்டு கிழமை லீவில வருவார், வந்த முதல் கிழமை சொந்தக்காரர் வீடு, ரெண்டாம் கிழமை தேர் தீர்த்தம், கடைசி நாள்தான் "ஐயோ பிள்ளையின்ர பாஸ்போட்" எண்டு ஞாபகம் வரும். பிறப்புச் சான்றிதழ் கொப்பி, போட்டோ, நிரப்பின ஃபோம் எல்லாத்தையும் அவர் வர முதலே எடுத்து வச்சிட்டு, வந்து ரெண்டாம் நாள் கச்சேரிக்குப் போங்கோ. இப்ப பயணம் ஒண்டும் இல்லாட்டியும், அவர் நிக்கேக்க எடுத்து வைக்கிறது நல்லது. ஆனா பிள்ளைக்கு மூண்டு வருசப் பாஸ்போட் எடுத்தா அது கெதியா முடிஞ்சிடும், பல நாடுகள் ஆறு மாசமாவது மிச்சம் இருக்கோணும் எண்டும் கேக்கும், அதையும் கணக்குப் பாத்து எடுங்கோ.

அப்பிடியே நிக்கேக்க, பேந்து வாற விசாவுக்கெண்டு ஒரு சம்மதக் கடிதமும் இஞ்சயே ஒரு நொத்தாரிசிட்டயோ சட்டத்தரணியிட்டயோ அவரைக் கொண்டே கையெழுத்து வைப்பிச்சிடலாம். திகதி தெரியாட்டி பயனில்லை எண்டு விட்டிடாதேங்கோ, "இந்த வருசத்துக்குள்ள" எண்டு ஒரு எல்லை போட்டு எழுதினாலும் வெறுங்கையா இருக்கிறதை விட நல்லம்.

வழி 2: அவர் இருக்கிற நாட்டில எங்கட எம்பசியில உறுதிப்படுத்தின கடிதம்

அவர் வரமாட்டார், ஆனா விசாவோடயோ அந்த நாட்டுக் குடியுரிமையோடயோ ஒழுங்கா இருக்கிறார், உங்களோட நல்லாத்தான் இருக்கிறார் எண்டா இதுதான் என்ர முதல் தெரிவு. பாஸ்போட் கவுண்டரில ஒரு பெற்றார் வெளிநாட்டில எண்டு சொன்ன உடன அவையள் எதிர்பாக்கிறதும் இதைத்தான். இலங்கைத் தூதரகத்தின்ர சீல் இருந்தா, கையெழுத்து வச்சது அவர்தான் எண்டதை எங்கட அரசாங்கத்தின்ர ஆளே பாத்திருக்கிறார் எண்டு அர்த்தம், அதால கேள்வி குறையும்.

செலவு ஆற்ற தலையில விழுது எண்டு பாக்கோணும். பாரிஸில இருக்கிறவருக்கு எம்பசி பக்கத்தில. பிரான்ஸின்ர தெற்கில இருக்கிறவருக்கு ஒரு நாள் வேலை போகும், ட்ரெயின் காசு போகும். சுவிஸில இருக்கிற ஆக்கள் ஜெனிவாவுக்குப் போகோணும். ரெஸ்ரோரன்ட் குசினியில நாள் சம்பளத்துக்கு நிக்கிறவருக்கு ஒரு கிழமைநாள் லீவெடுக்கிறது சின்ன விசயம் இல்லை, "ஒரு கடிதம்தானே, ஏன் இழுத்தடிக்கிறியள்" எண்டு இஞ்ச இருந்து சண்டை பிடிக்க முதல் அதையும் யோசிக்கோணும். சில தூதரகங்கள் வேற நகரங்களுக்கு வந்து நடமாடும் சேவை நடத்துறவை, அந்த நாளை விசாரிச்சு வச்சா நல்லம்.

இன்னொரு மறைவான செலவு, ஒறிஜினல். வாட்ஸ்அப்பில போட்டோ வந்திட்டுது எண்டு கவுண்டருக்குப் போகாதேங்கோ. ஒறிஜினல் கூரியரில வரோணும், அதுக்கு நாள் வேணும். அவர் அங்க ரெண்டு பிரதி எடுத்து ரெண்டையும் சீல் பண்ணுவிச்சு அனுப்பினா, ஒண்டைப் பாஸ்போட்டுக்குக் குடுத்தாலும் விசாவுக்கு ஒண்டு மிஞ்சும். முதல் கடிதத்தை ஃபைலில வச்சிட்டினம் எண்டு ரெண்டாந்தரமும் மனிசனை எம்பசிக்கு அனுப்பின குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

வழி 3: அந்த நாட்டு நொத்தாரிசு அல்லது சொலிசிற்றர்

இதைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுதோணும், ஏனெண்டா எங்கட ஆக்களில எத்தினையோ பேருக்கு வழி 2 திறந்திருக்கேல்லை.

மனிசன் அங்க அகதி விண்ணப்பம் போட்டிருக்கிறார், இல்லாட்டி அகதியா ஏற்றுக்கொண்டு அந்த நாட்டுப் பயண ஆவணத்தில இருக்கிறார். அப்பிடியான ஒருத்தர் இலங்கை எம்பசி வாசலுக்குப் போறது சாதாரண விசயம் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலயே, ஒருத்தர் தன்ர சொந்த நாட்டின்ர பாதுகாப்பைத் தானா விரும்பித் திரும்ப நாடினா அந்த உடன்படிக்கை அவருக்குப் பொருந்தாமப் போகலாம் எண்டு இருக்கு. ஒருக்கா ஒரு கடிதத்துக்குப் போன உடன எல்லாம் போயிடும் எண்டு சொல்லேல்லை, ஆனா பேந்து ஒரு நேர்காணலில "ஏன் போனீர்?" எண்டு கேட்டா அவர்தான் பதில் சொல்லோணும். அதால தயவுசெய்து, இஞ்ச இருந்து "எல்லாரும் எம்பசியிலதானே எடுக்கினம்" எண்டு அவரை நெருக்காதேங்கோ. முதல்ல அவர் தன்ர கேஸைப் பாக்கிற லோயரிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டும்.

அவருக்கு இருக்கிற வழி, அந்த நாட்டு நொத்தாரிசு முன்னால கையெழுத்து வைக்கிறது. லண்டனில சொலிசிற்றர் அல்லது நொட்டரி பப்ளிக், கனடாவில நொட்டரி அல்லது கொமிஷனர் ஒஃப் ஓத்ஸ். அந்த நாட்டு விசாவுக்கெண்டா இது நல்லா வேலை செய்யும், அவையின்ர சொந்த நாட்டு நொட்டரியை அவைக்குத் தெரியும். கனடா விசாவுக்கு ஒரு பெற்றாரோட மட்டும் வாற பிள்ளைக்கு மற்றவர் கையெழுத்து வச்ச கடிதத்தையும் அவரின்ர அடையாள ஆவணத்தின்ர கொப்பியையும்தான் கேக்கினம், இலங்கை எம்பசி சீல் அதுக்குத் தேவையில்லை.

ஆனா இலங்கைப் பாஸ்போட் கவுண்டருக்கு இந்தக் கடிதம் பலவீனம். வெளிநாட்டு நொத்தாரிசின்ர சீல் உண்மையோ பொய்யோ எண்டு அங்க இருக்கிற உத்தியோகத்தருக்கு எப்பிடித் தெரியும்? அதால இந்த வழியில போறதெண்டா விண்ணப்பம் போட முதலே கச்சேரியில நேர கேளுங்கோ. "ஐயா, அவர் எம்பசிக்குப் போகேலாத நிலை, நொத்தாரிசுக் கடிதம்தான் இருக்கு, வேற என்ன சேத்துக் குடுக்கோணும்?" எண்டு நேராக் கேட்டா நேராப் பதில் வரும். அகதி விசயத்தை மறைச்சுக் கதை கட்டினா, கதையில ஓட்டை விழுந்து பிள்ளையின்ர ஃபைல்தான் நிண்டுபோகும். காசும் பாருங்கோ, நொட்டரிக்கு ஒரு காசு, அவையின்ர வெளிவிவகார அமைச்சின்ர முத்திரை வேணும் எண்டா அதுக்கு இன்னொரு காசு, எம்பசியை விட இது கூடவாத்தான் வரும்.

வழி 4: இஞ்ச ஜேபியிட்ட சத்தியக்கடதாசி

மலிவு, கெதி, பக்கத்தில. கோர்ட்டடியில ஒரு காலமையில முடிஞ்சிடும். அதாலதான் எல்லாரும் முதல்ல இதுக்கு ஓடினம்.

ஆனா இதில ஒரு அடிப்படை விளங்கோணும். தாய் இஞ்ச இருந்து "என்ர கணவர் இதுக்குச் சம்மதம்" எண்டு சத்தியம் பண்ணினா அது தாயின்ர சத்தியம், தகப்பன்ர சம்மதம் இல்லை. அவற்ற சம்மதத்தை அவர்தான் குடுக்கேலும். அதைப்போலத்தான் அற்றோனியும் (தனக்குப் பதிலா இன்னொராள் கையெழுத்து வைக்கக் குடுக்கிற அதிகாரப் பத்திரம்). காணி விக்கிறதுக்கெண்டு தம்பிக்குக் குடுத்த அற்றோனித் தத்துவத்தைக் கொண்டுபோய், "சித்தப்பா கையெழுத்து வைப்பார்" எண்டு நிக்கிறவை இருக்கினம். காணிக்கு எழுதினது காணிக்குத்தான்.

பேந்து சத்தியக்கடதாசி எதுக்கு நல்லது? தாய்க்கு நேர தெரிஞ்ச விசயங்களைச் சொல்லுறதுக்கு. கலியாணப் பதிவு இல்லை, பிறப்புச் சான்றிதழில தகப்பன் பேர் இல்லை, பிள்ளை பிறந்ததில இருந்து தன்னோடதான் எண்டா அதைத் தெளிவா எழுதலாம், அந்த நிலையில எங்கட சட்டப்படி தாய்தான் இயல்பான பாதுகாவலர். தகப்பன் செத்திட்டார் எண்டா சத்தியக்கடதாசி இல்லை, மரணச் சான்றிதழ்தான் பேசும். காணாமல் ஆக்கப்பட்டவரின்ர பிள்ளை எண்டா 2016 மரணப் பதிவுத் திருத்தச் சட்டத்தின் கீழ காணாமல் போனவைக்கெண்டு குடுக்கிற சான்றிதழ் இருக்கு. அவரைச் செத்தவர் எண்டு பதியாமலே அதை எடுக்கலாம், இதுக்காக ஒரு தாயும் மரணச் சான்றிதழ் எடுக்கத் தேவையில்லை.

இன்னொரு பெரிய பாவனை பேர் வித்தியாசம். அதைக் கீழ எழுதுறன்.

வழி 5: கோர்ட்

தகப்பன் கதைக்கிறேல்லை, எங்க எண்டு தெரியாது, இல்லாட்டி வேணுமெண்டே சம்மதம் தர மாட்டன் எண்டு நிக்கிறார். இதுக்கு மேல சொன்ன நாலில ஒண்டும் வேலை செய்யாது. மாவட்ட நீதிமன்றத்தில பிள்ளையின்ர பாதுகாவல் ஓடர் எடுக்கிறதுதான் வழி, நீதிபதி பாக்கிறதும் பிள்ளையின்ர நலனைத்தான்.

இதில ஒரு குழப்பம் எங்கட பக்கம் நிறைய இருக்கு. "என்னட்டக் கோர்ட் ஓடர் இருக்குத்தானே" எண்டு கொண்டு வாறது பராமரிப்பு வழக்கின்ர ஓடர். நீதவான் நீதிமன்றத்தில மாசம் இவ்வளவு காசு கட்டோணும் எண்டு போட்ட ஓடர் அது. அதில பிள்ளை ஆரின்ர பொறுப்பு எண்டு ஒண்டும் இல்லை. விவாகரத்துத் தீர்ப்பு இருந்தாலும் அதில பாதுகாவல் பற்றி என்ன எழுதியிருக்கு எண்டு வரி வரியா வாசிக்கோணும். புதுசா வழக்குப் போடுறதெண்டா சட்டத்தரணியிட்ட முதலே சொல்லுங்கோ, பாதுகாவல் மட்டும் காணாது, பாஸ்போட் எடுக்கவும் வெளிநாடு கூட்டிக்கொண்டு போகவும் அனுமதி எண்ட வரியையும் கேட்டுப் போடச் சொல்லி. அந்த ஒரு வரி இல்லாம ஓடரோட போய் விசாவில திரும்பக் கேள்வி வாங்கினா, இன்னொரு மனு, இன்னொரு தவணை.

செலவு சட்டத்தரணிக் காசு மட்டுமில்லை. தவணை போகும், ஒரு லீவுப் பயணத்துக்கு இதை நம்பி ரிக்கெற் போடேலாது. ரெண்டு குடும்பமும் கதைக்காமப் போகும். அதால, அவர் கோவத்தில மாட்டன் எண்டுறார் ஆனா மனம் கெட்டவர் இல்லை எண்டா, வழக்குக்கு முதல் பெரியாக்களை விட்டு ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ. எத்தினையாம் திகதி போறம், ஆர் வீட்டில நிப்பம், எப்ப திரும்புவம் எண்டு எழுதிக் குடுத்தா, பிள்ளையைக் கொண்டு போயிடுவாள் எண்ட பயம் இருக்கிற தகப்பன் இறங்கி வருவார். அந்தப் பயம் நியாயமானதுதான். அடி உதை எண்டு விலகி வந்த தாய்க்கு இது பொருந்தாது, அவ நேர சட்டத்தரணியிட்டப் போறதுதான் சரி.

எந்த வழியெண்டாலும் கடிதத்துக்குள்ள என்ன இருக்கோணும்

"என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சம்மதம்" எண்ட ஒரு வரிக் கடிதத்தால ஒரு பிரயோசனமும் இல்லை. பிள்ளையின்ர முழுப்பேர், பிறந்த திகதி, பாஸ்போட் இலக்கம். கூட்டிக்கொண்டு போறவரின்ர பேர், உறவு, பாஸ்போட் இலக்கம். எந்த நாடு, எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி வரை, அங்க நிக்கிற வீட்டின்ர விலாசம், ஆர் செலவு. கையெழுத்து வைக்கிறவரின்ர விலாசம், உடன எடுக்கக்கூடிய போன் நம்பர். பாஸ்போட் எடுக்கிறதுக்கான கடிதம் எண்டா "பாஸ்போட் பெறுவதற்கும்" எண்டு தனியா எழுதோணும், பயணத்துக்கு மட்டும் சம்மதம் சொன்னா அது பாஸ்போட்டுக்குச் சம்மதம் எண்டு எடுக்க மாட்டினம். ஆங்கிலத்தில எழுதுறது நல்லம், மூண்டு இடமும் வாசிக்கும். பிள்ளை அப்பம்மாவோடயோ மாமாவோடயோ பலாலியால சென்னைக்குப் போகுது எண்டா தாய் தகப்பன் ரெண்டு பேரின்ர கையெழுத்தும் வேணும், கிட்டத்துப் பயணம் எண்டு விட்டிடாதேங்கோ.

இனிப் பேர் விசயம். தகப்பன்ர பேர் தியாகராஜா எண்டு வைப்பம். பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழ் தமிழில, அதை மொழிபெயர்த்தவர் கடைசியில ஒரு எச் போட்டுட்டார். தகப்பன்ர பாஸ்போட்டில அந்த எச் இல்லை. அங்க அவருக்குக் குடுத்த காட்டில அவற்ற தகப்பன்ர பேர் முன்னுக்கும் அவற்ற பேர் பின்னுக்குமா மாறிக் கிடக்கு. கடிதத்தில கையெழுத்து வச்சவரும் பிறப்புச் சான்றிதழில இருக்கிற தகப்பனும் ஒரே ஆளோ எண்டு வெள்ளைக்கார விசா ஒஃபிசருக்கு எப்பிடி விளங்கும்? சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுக்கேக்கயே பாஸ்போட் கொப்பியையும் சேத்துக் குடுத்து, பாஸ்போட்டில உள்ள எழுத்தின்படி போடச் சொல்லுங்கோ. ஏற்கெனவே மாறிப்போயிருந்தா, ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் எண்டு ஒரு சத்தியக்கடதாசி சேருங்கோ. வழி 4 உண்மையில கைகுடுக்கிற இடம் இதுதான், இருநூறு பக்க ஃபைலை விட இந்த ஒரு பேப்பர் சில வேளை பெறுமதி.

அங்க பிறந்த பிள்ளை இஞ்ச லீவுக்கு வாறதெண்டா

இது மற்றப் பக்கம். தாய் லண்டனில இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறா, தகப்பன் அங்க வேலையில. சொந்த வீட்டுக்குத்தானே போறன் எண்டு கடிதம் இல்லாம வெளிக்கிடினம். இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் பெற்றோர் பொறுப்பு உள்ள மற்றவரின்ர சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாம 16 வயசுக்குக் கீழ பிள்ளையை நாட்டுக்கு வெளிய கொண்டு போறது 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். பிள்ளை தன்னோட வாழோணும் எண்டு கோர்ட் ஓடர் இருக்கிறவர் மட்டும் 28 நாளுக்குள்ள போட்டு வரலாம். பிரான்ஸில தாய் தகப்பன் ஒருத்தரும் இல்லாம, பெரியம்மாவோட வாற பிள்ளைக்கு 2017 ஜனவரியில இருந்து நாட்டை விட்டு வெளியேறுற அனுமதிப் படிவம் கட்டாயம், அதோட கையெழுத்து வச்ச பெற்றாரின்ர அடையாள ஆவணக் கொப்பியும்.

இஞ்ச வந்த பிறகு மனம் மாறி "இனி இஞ்சயே படிக்கட்டும்" எண்டு பிள்ளையை நிப்பாட்டுறதும் சின்ன விசயம் இல்லை. இலங்கை, பிள்ளைகளை வேற நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போறது பற்றின 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில சேந்து, அதுக்கெண்டே 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தது, 16 வயசுக்குக் கீழ பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி நீதி அமைச்சு ஊடாக் கேக்கலாம். அதால கடிதத்தில திரும்பிற திகதியைப் போட்டு, ரிட்டேர்ன் ரிக்கெற் கொப்பியையும் பின்னுக்குக் கொழுவி, ஒண்டை அவரிட்டக் குடுத்திட்டு மற்றதை உங்கட ஹான்ட்பாக்கில வையுங்கோ. செக்-இன் பண்ணுற சூட்கேசுக்குள்ள வைக்காதேங்கோ.